நீ சொல்லவே இல்லையே மாப்ள

"நீ இதச் சொல்லவே இல்லையே மாப்ள."

நேத்து ராத்திரி 11:20-க்கு வாட்ஸப்புல ஒரு வீடியோவ அனுப்பி, அதுக்குக் கீழ அத்தான் போட்ட வரி. வீடியோவுல ஒரு சின்னப் பையன், ஊர் கட்டி சாம்ராஜ்யம் வளக்கற சிவிலைசேஷன் 6-ங்கற கம்ப்யூட்டர் கேம ஆடிக்கிட்டே சொல்றான்: "ஆரம்பத்துலயே அதிசயம் கட்ட உக்காராதீங்க. மொதல்ல புது ஊர் போடற ஆளு, அந்தச் செட்லர எடுங்க. ரெண்டாவது ஊரச் சீக்கிரம் போடுங்க."

நான் சொல்லலையாம்.

11 நிமிஷ வாய்ஸ் நோட்டு அனுப்பினவன் நான். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. மொத தடவ அனுப்பினத வண்டி ஓட்டிக்கிட்டே கேட்டாராம், ஹாரன் சத்தத்துல காதுல விழலையாம். ஸ்டோன்ஹெஞ்ச்ங்கற அதிசயத்தக் கட்ட 180 ப்ரொடக்ஷன், அதாவது ஊரோட உழைப்பு வேணும், மொத செட்லருக்கு 80 போதும், உங்க ஊரு ஒரு டர்னுக்கு, அதாவது ஒரு சுத்துக்கு, 5 தான் குடுக்குது, அந்தக் கல்ல நட்டு முடிக்க 36 டர்ன் ஆகும், அதுக்குள்ள பக்கத்து நாட்டுக்காரன் கட்டித் திறப்பு விழாவே வெச்சிருவான்னு மளிகைக் கடை அண்ணாச்சி மாதிரி கூட்டிப் பெருக்கிச் சொன்னேன். "சூப்பர் மாப்ள"ன்னு ஒரு கட்டை விரல் வந்துச்சு. போய் ஸ்டோன்ஹெஞ்ச் தான் கட்டினாரு. பாக்கி ரெண்டே டர்ன் இருக்கும்போது வேறொருத்தன் முடிச்சுட்டான். அப்பவும் மனுஷன் அசரல. "நாம பாதி கட்டி வெச்சதுக்கு அவன்கிட்ட ஏதாவது காசு கேக்கலாமா?"

நண்பனா இருந்தா நாலு கெட்ட வார்த்தையில வேலை முடிஞ்சிருக்கும். இவரு அக்கா வீட்டுக்காரரு. "அத்தான், அது முடியாதுங்க அத்தான்"னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்றதத் தவிர நமக்கு இந்தப் பிறவியில வேற வழியில்ல.

தப்பு என்னோடதுதான். தீபாவளிக்கு அங்க போனப்போ, மொபைல்ல முட்டாய ஒடச்சுக்கிட்டு இருந்தவர்கிட்ட, "அத்தான், மூளைக்கு வேலை குடுக்கற மாதிரி ஒண்ணு ஆடுங்க"ன்னு வாய விட்டேன். தள்ளுபடியில வந்ததும் வாங்கிட்டாரு. அன்னையிலேர்ந்து என் மூளைக்குத்தான் வேலை.

மொத ஆட்டத்துல எட்டு லெவல் காட்டுமில்ல, அதுலயே கஷ்டமான டெய்ட்டியத் தேர்ந்தெடுத்திருக்காரு. ஏன் அத்தான்னா, "டெய்ட்டின்னா கடவுள்தானே மாப்ள, நல்லதுதானே, கூட இருந்து காப்பாத்தும்." அது நம்ம பக்கத்துக் கடவுள் இல்ல அத்தான். அந்த லெவல்ல எதிராளி ஒவ்வொருத்தனும் 3 செட்லரோட எறங்குவான். நமக்கு ஒண்ணு. சரி, இருக்கறதுலயே லேசான லெவலுக்கு மாத்துங்க, அதுக்குப் பேரும் செட்லர்தான்னேன். கால் மணி நேரம் கழிச்சு போன். "செட்லர பத்து தடவ கிளிக் பண்ணிட்டேன் மாப்ள, லெவல் மாற மாட்டேங்குது." மேப்ல நிக்கற ஆளக் கிளிக் பண்ணிக்கிட்டு இருக்காரு. ஆளுக்கும் லெவலுக்கும் ஒரே பேர வெச்ச புண்ணியவான் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

அந்த டெய்ட்டி ஆட்டத்துல மொத ஊர் போட்ட கதைய நான் யார்கிட்டயும் முழுசாச் சொன்னதில்ல. சொன்னா நம்ப மாட்டாங்க.

செட்லர் எறங்கின இடத்துலயே ஆறு இருக்கு. போட்டோ அனுப்பிருந்தாரு. ஸ்க்ரீன்ஷாட் இல்ல, மானிட்டருக்கு முன்னாடி போனப் புடிச்சு எடுத்த போட்டோ. நடுவுல டியூப்லைட் ஒரு வெள்ளை நதியா ஓடுது, அதுக்குக் கீழ நிஜ நதி. அங்கயே ஊரப் போடுங்க அத்தான், நல்ல தண்ணி ஓரம்னா ஹவுசிங், அதாவது ஜனம் தங்கற இடம் 5, கடலோரம்னா 3, தண்ணியே இல்லாத இடம்னா வெறும் 2, ஊரு வளரவே வளராதுன்னேன். "இடம்னா சும்மாவா மாப்ள, நாலு எடம் பாத்துத்தான் முடிக்கணும்."

14 டர்ன் பாத்தாரு.

அந்த ஆட்டம் கி.மு. 4000-ல தொடங்குது. ஆரம்பத்துல ஒரு டர்ன்னா 40 வருஷம். கணக்குப் போட்டுக்கோங்க. 560 வருஷம் ஒரு ஜனம் மூட்டை முடிச்சு, சட்டி பானையோட அலையுது. பேரன், பேரனுக்குப் பேரன்னு எத்தன தலைமுறை "தாத்தா, எப்ப வீடு கட்டுவோம்"னு கேட்டிருக்கும்! கடைசியில கி.மு. 3440-ல அத்தானுக்கு மனசுக்குப் புடிச்ச இடம் கெடச்சுது. பாலைவனம். சுத்தி ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஏன் அத்தான்? "தென்மேற்குல மலை, வடகிழக்குல வெட்டவெளி. வாஸ்துப்படி பக்காவா அமைஞ்சிருக்கு மாப்ள."

ஈசானிய மூலை பாத்திருக்காரு. ஒரு கம்ப்யூட்டர் கேம்ல.

அதோட விட்டாரா? "எல்லாம் சரி, நேர் வடக்கு எந்தக் கட்டம்?" வடக்குன்னு ஒரு கட்டமே கெடையாது அத்தான். 2010-ல வந்த 5-வது பாகத்துலேர்ந்து அறுகோணக் கட்டம். கிழக்கு இருக்கு, மேற்கு இருக்கு, நாலு மூலையும் இருக்கு. நேர் வடக்கும் நேர் தெக்கும் முனைதான். இதக் கேட்டு அவரு விட்ட பெருமூச்சு ஸ்பீக்கர்ல புயல் மாதிரி கேட்டுச்சு. "குபேர மூலை இல்லாம எப்படி மாப்ள காசு சேரும்?" சரி, அந்த மலையையாவது பயன்படுத்துங்க, அத ஒட்டி கேம்பஸ்ங்கற படிப்பு வட்டாரத்தப் போட்டா ஒரு மலைக்கு ஒரு சயின்ஸ் கூடும்னேன். படிப்புக்கு அது ஏத்த திசை இல்லையாம்.

எனக்குக் கோவம் வரக் கூடாதா? சொல்லுங்க.

இன்னொரு நாள் அக்கா போன் பண்ணி, "ஏல, இவரு என்னல ஒழுங்காச் சோறே திங்க மாட்டேங்காரு, நின்னுக்கிட்டே அள்ளிப் போட்டுட்டு ஓடுதாரு"ன்னா. வெசாரிச்சா, ஆட்டத்த நிறுத்தி வைக்கற பட்டன் எதுன்னு தெரியலையாம். இவரு ரசத்துக்கு வர்றதுக்குள்ள எதிரி வந்து ஊரப் புடிச்சிருவானாம். ரெண்டு வாரமா அஞ்சே நிமிஷத்துல சாப்பிட்டிருக்காரு மனுஷன். அத்தான், இது டர்ன் டர்னா ஆடற ஆட்டம். நீங்க நெக்ஸ்ட் டர்ன் அமுக்கற வரைக்கும் ஒலகத்துல ஒரு ஈ நகராது. நீங்க காசிக்குப் போயிட்டு வந்தாலும் அவன் அங்கயே வேலப் புடிச்சுக்கிட்டு நிப்பான். நம்பல. "அவன் நம்மள மாதிரி நேர்மையானவன்னு எப்படிச் சொல்ற?"

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். என் உசுர வாங்கினது அதுதான்.

புது ஆட்டம், லேசான லெவல். வீடியோ கால். போன தண்ணி பாட்டில்ல சாச்சு வெச்சிருக்காரு. எனக்குத் தெரியறது பாதி மானிட்டர், பாதி சீலிங் ஃபேன்.

"மாப்ள, செவப்பா ஒருத்தன் வந்திருக்கான். கூட நாய் வேற."

"பார்பேரியன் ஸ்கவுட் அத்தான், காட்டுக் கும்பலோட ஒற்றன். தலைக்கு மேல ஆச்சரியக்குறி இருக்கா?"

"இருக்கு, இருக்கு. ஏதாவது பரிசா?"

"அடிங்க அத்தான், உடனே அடிங்க. உங்க ஊரப் பாத்துட்டான். கேம்புக்குத் திரும்பிப் போய்ச் சேந்தான்னா ஒரு கும்பலயே கூட்டிட்டு வருவான்."

"பாவம்ப்பா, ஒத்த ஆளு. நாயக் கூட்டிக்கிட்டு வாக்கிங் வந்த மாதிரி இருக்கான்."

விட்டுட்டாரு. நாயும் ஆளும் பத்திரமா வீடு போய்ச் சேந்தாங்க. இவரு அந்த நேரத்துல என்ன பண்ணாருன்னா, இருந்த ஒரே வாரியர எங்கயோ குடிசை தெரியுதுன்னு மேப்போட மறுகோடிக்கு அனுப்பிட்டாரு. அப்புறம், ஆமா, செட்லர எடுத்துட்டாரு! என் 22 நிமிஷ வாய்ஸ் நோட்டுக்குக் கெடச்ச ஒரே பலன். அந்த ஒரு செட்லருக்காக ஊரு ஜனத்தொகையில ஒண்ணு கொறையும், தெரியுமில்ல. பெத்த புள்ளய அனுப்பற மாதிரி அனுப்பணும். இவரு டவுன் பஸ் ஏத்தி விட்ட மாதிரி தனியா அனுப்பிட்டாரு.

"மாப்ள, செட்லர் செவப்பாயிட்டான்."

"என்னது?"

"கலரு மாறிருச்சு. கிளிக் பண்ணா நகர மாட்டேங்கிறான். ஏதாவது கோளாறா?"

கோளாறு இல்ல அத்தான். கடத்திட்டாங்க. "குடும்பத்தோடயா?"ன்னாரு. நான் ஒரு நிமிஷம் பேசல.

மீட்கலாம். அது ஒண்ணும் பெரிய காரியமில்ல, அவன் மேல நம்ம படை ஏறினா செட்லர் திரும்ப நம்மாளு. வாரியரத் திருப்பிக் கூப்பிட்டோம். வந்தான், வந்தான், வந்துக்கிட்டே இருந்தான். வழியில மேடு. "ஒரு மூவ் மிச்சம் இருக்கு, ஏன் ஏற மாட்டேங்கிறான்? வலிக்குதா?" மேட்டுக்கு 2 வேணும் அத்தான். 5-வது பாகத்துல துளி மிச்சம் இருந்தாலும் ஏறிருவான், 6-ல முழுசா இருந்தாத்தான் ஏறுவான். அடுத்த டர்ன் ஏறினான். எறங்கினான். செட்லருக்குப் பக்கத்துக் கட்டத்துக்கே வந்து நின்னுட்டான். அவன் பக்கத்துல காவலுக்கு ஒரு பய இல்ல. நான் நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சே நின்னுட்டேன். "அத்தான், அந்தச் செட்லர் மேல ரைட் கிளிக். அவ்வளவுதான். ரைட் கிளிக்."

"அடிச்சா நம்மாளுக்கு அடிபடாதா?"

படாது அத்தான்.

"இல்ல, கூட பொம்பளைங்க புள்ளைங்க இருக்கும்னு சொன்னியே."

நான் எப்ப சொன்னேன்?

"அவங்கள்ட்டப் பேசிப் பாக்க முடியாதா? ஏதாவது குடுத்துக்கூட…"

அதுக்குத் தனியா ஒரு மோடு இருக்கு, ஆட்டம் தொடங்கும்போதே டிக் பண்ணிருக்கணும், இப்ப முடியாது, தயவுசெஞ்சு ரைட் கிளிக். பத்து நிமிஷம் அறம் பேசினாரு. மணி ஒண்ணே முக்கால். அப்பத்தான் அக்கா தூக்கம் கலைஞ்சு வந்து "இன்னும் தூங்கலையா"ன்னு ஒரு அதட்டு. ஃபேன் ஆடுது, போன் சரியுது, எனக்கு ஒரு செவுரும் காலண்டரும் தெரியுது. திரும்ப நிமித்தி வெச்சப்போ மானிட்டர்ல ஒலகம் சுத்துது.

"கை பட்டு ஏதோ அமுங்கிருச்சு மாப்ள."

வாரியர் நகராமலே டர்ன் போயிருச்சு. இருட்டுக்குள்ள ஒரு கட்டம் தள்ளி செட்லர ஓட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. அந்த நாய்க்காரன் சொல்லி விட்ட கும்பல் அதே நேரம் இந்தப் பக்கமா ஊருக்குள்ள வந்துக்கிட்டு இருக்கு. 80 ப்ரொடக்ஷன், ஒரு ஜனம், என் சனிக்கிழமை, மூணும் போச்சு. இவரு கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்றாரு: "செட்லருக்குத் துணைக்கு ஆள் அனுப்பணும்னு நீ சொல்லவே இல்லையே மாப்ள."

இதுக்கு நடுவுல உதிரிக் கேள்விகள் தனி. ரோடு போட எந்தப் பட்டன்? பில்டர் ரோடு போட மாட்டான் அத்தான், டிரேடர் நடந்து போனா ரோடு தானா விழும். "நம்ம ஊர்ல போட்டாலே விழ மாட்டேங்குது"ன்னாரு, அது மட்டும் நியாயமான பேச்சு. அப்புறம் இந்த ஆட்டத்துல இந்தியாவுக்குத் தலைவரா வர்ற காந்தி அணுகுண்டு போடுவாராமேன்னு ஒரு ஃபார்வர்டு. 1991-ல வந்த மொத ஆட்டத்துல ஏதோ கணக்குப் பிழையில அவரு கோவம் ஒண்ணுலேர்ந்து 255 ஆயிருச்சுங்கறது கட்டுக்கதை, உண்டாக்கின சிட் மெயரே 2020-ல தன்னோட புத்தகத்துல அப்படி ஒரு பிழையே இல்லன்னுட்டாரு. 5-வது பாகத்துல வேணும்னே கேலிக்கு அப்படி வெச்சாங்கன்னு விளக்கினேன். அதையும் குடும்ப குரூப்புல "காந்திக்குக் கோவம் 255"ன்னு போட்டு விட்டுட்டாரு. சோழர் இல்லையான்னு வாராவாரம் கேக்கறாரு. 6-ல இல்ல. 2025-ல வந்த 7-ல இருக்காங்க. அத நான் சொல்லல. இது ஒண்ணு மட்டும் நெஜமாவே நான் சொல்லல. இத வாசிக்கற சொந்தக்காரங்க யாரும் சொல்லிராதீங்க, கையெடுத்துக் கும்புடறேன்.

நேத்து அந்த வீடியோவப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன். இனிமே போன எடுக்கறதில்ல. பெரிய மெசேஜா டைப் பண்ணேன், மரியாதையாத்தான், ஆனா சூடா. அனுப்பப் போற நேரம் அக்கா கூப்பிட்டா.

"ஏல, கரண்டு பில்லு என்னத்துக்குல ஆகும்? ஒம்பது நாளா அந்தக் கம்ப்யூட்டர அணைக்கவே விட மாட்டேங்காரு. சுவிட்ச் போர்டுல பேப்பர் ஒட்டி, 'யாரும் தொடாதே'ன்னு எழுதி வெச்சிருக்காரு. கரண்டு போனா யுபிஎஸ் கத்துற கத்துல புள்ள முழிச்சுக்கிடுது. நீதான் சொன்னியாமே?"

நான் என்ன சொன்னேன்! போன அவர்கிட்டக் குடுக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கொரல எறக்கி, புள்ளைக்குக் கேக்காத மாதிரி, "மாப்ள, இதுல ஆட்டத்த சேவ் பண்றது எப்படி?"

ஒம்பது நாள். ராத்திரி மானிட்டர மட்டும் அணைச்சுட்டு, சாம்ராஜ்யம் உள்ள முழிச்சுக்கிட்டு இருக்க, பக்கத்துலயே பாய விரிச்சுப் படுத்திருக்காரு. ஒவ்வொரு டர்னுக்கும் அதுவே தானா சேவ் பண்ணிக்கும் அத்தான்னு சொல்ல வாயத் திறந்தேன். சிரிப்புதான் வந்துச்சு. அவருக்கும் வந்துச்சு. அக்கா மட்டும் சிரிக்கல.

டைப் பண்ணத அழிச்சுட்டேன்.

ஆனா ஒண்ணு. கர்ட்டன் ராடு மாட்டணும்னு பொங்கலுக்கு என் டிரில்லிங் மிஷின வாங்கிட்டுப் போனாரு, கூட அந்த 6 எம்எம் பிட்டும். வீடியோ கால்ல சரிஞ்ச போன்ல நான் பாத்தேன். ஜன்னல்ல கர்ட்டன் கயித்துலதான் தொங்குது.