டைட்டில் திரை வந்துட்டா கேம் ஓடுதுன்னு அர்த்தமா?

முன்னாடி ப்ரவுசருக்குள்ளயே கேம் ஓட வெச்ச மென்பொருள் ஃப்ளாஷ். அந்தப் பழைய கேம்களைச் சேர்த்துப் போட்ட ஒரு தொகுப்புக்குக் கீழ நேத்து ஒரு கூத்து. "200 பழைய ஃப்ளாஷ் கேம், எல்லாமே ஓடுது"ன்னு போட்ட தம்பிகிட்ட "பாதி ஓடலையே"ன்னு கேட்டேன். "ஓசியில குடுக்கிறதுலயும் நொட்டை சொல்லணுமா அங்கிள்?"னு பதில். அதுக்கு வரிசையா சிரிப்பு வேற. அங்கிள்தான், மறுக்கல. ஆனா டைட்டில் திரை வர்றது வேற, கேம் ஓடுறது வேற. நான் சொன்னது அவ்வளவுதான்.

2020 டிசம்பர் 31-ஓட அடோபி ஃப்ளாஷுக்கு முழுக்குப் போட்டுச்சு. 2021 ஜனவரி 12-லேர்ந்து ஃப்ளாஷ் ப்ளேயரே கேமைத் திறக்க மறுத்துச்சு. இப்ப ப்ரவுசர்ல நாம பாக்கிறது பெரும்பாலும் ரஃபிள்ங்கிற எமுலேட்டர், அதாவது ஃப்ளாஷ் ப்ளேயர் மாதிரியே வேலை செய்யிற வேற மென்பொருள். எஸ்டபிள்யூஎஃப்னு இருக்கிற பழைய ஃப்ளாஷ் ஃபைலை அப்படியே வாங்கி ஓட்டும். ஃப்ளாஷோட நிரல் மொழி ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட். அதோட 1, 2-ல எழுதின கேம்னா பெரும்பாலும் பிரச்சினை இல்ல. 2006-ல ஃப்ளாஷ் ப்ளேயர் 9 கூட வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ன்னா கேமுக்கு கேம் மாறும். மெனு வரும், பாட்டு வரும், மூணாவது லெவல்ல எதிரி சிலை மாதிரி நிப்பான். மெனுவைப் பாத்துட்டு "ஓடுது"ன்னு எழுதினா அந்த மூணாவது லெவலுக்கு யார் போறது?

லோடிங் 99 சதவீதத்துலயே நிக்குதே, அது எப்பவும் எமுலேட்டர் குத்தம் இல்ல. நிறைய கேம்ல முதல் ஃபைல் வெறும் வாசப்படிதான். லெவலும் சத்தமும் தனித்தனி ஃபைல்ல கிடக்கும், ஓட ஓட அதை இழுத்துக்கும். தம்பி வாசப்படியை மட்டும் பேத்துட்டு வந்திருக்காரு. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பக்கம் போய் ரீலோட் பண்ணுங்க. சிவப்புல 404-னு வர்ற பேருங்கதான் காணாமப் போன ஃபைல். அதே பேர்ல, அதே ஃபோல்டர் அடுக்குல தேடிக் கொண்டாந்து வெச்சா உயிர் வரும். எங்கயும் கிடைக்கலைன்னா அந்த கேம் பட்டியல்ல இருக்கவே கூடாது.

வெறும் வெள்ளைத் திரை வந்தா சைட் லாக்கா இருக்கலாம். தன்னோட சொந்தத் தளத்துலதான் இருக்கோமான்னு கேம் முகவரியைப் பாத்துக்கும், இல்லைன்னா படுத்துடும். ரஃபிள் டெஸ்க்டாப்ல ஃபைலைத் திறக்கும்போது அட்வான்ஸ்டு பக்கத்துல ஸ்பூஃப் யூஆர்எல்னு ஒண்ணு இருக்கு, அதுல பழைய முகவரியைக் குடுங்க. இதெல்லாம் வேண்டாம்னா ஃப்ளாஷ்பாயின்ட் போட்டுக்குங்க, பழைய வெப் கேம்களைச் சேமிச்சு வெச்சிருக்கிற திட்டம். அது ஒரிஜினல் ப்ளேயரை வெச்சே ஓட்டும், பழைய தளத்துலதான் இருக்கோம்னு கேமை நம்ப வெச்சுடும்.

"எதுக்கு வம்பு, இப்பத்திய ப்ரவுசர்ல நேரா ஓடுற எச்டிஎம்எல்5-ல புதுசாப் பண்ணினதே இருக்கே"ம்பீங்க. தொட்டுப் பாருங்க. ஃப்ளாஷ் கேம்ல நகர்வு பெரும்பாலும் ஃப்ரேம் கணக்கு, அதாவது திரையில அடுத்தடுத்து வர்ற படங்களோட கணக்கு. நொடிக்கு 24 ஃப்ரேம்னு எழுதின கேம்ல ஒரு குதி 20 ஃப்ரேம்னா காத்துல 0.83 நொடி. நேரக் கணக்கு சேர்க்காம அதை 60-க்கு மாத்தினா 0.33 நொடிதான். உயரம் அதேதான், நேரம்தான் சுருங்கிப் போச்சு. மானிட்டர் வேகத்துக்கே ஓடுற மாதிரி எழுதியிருந்தா, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல அந்த 60-ஐப் போல 2.4 மடங்கு வேகம். ப்ரவுசிங் சென்டர்ல ஸ்டிக் கிரிக்கெட் ஆடினவங்களுக்குத் தெரியும், பந்து எந்த நொடியில மட்டைக்கு வருதுங்கிறதுதான் அந்த கேமே. அதுல கை வெச்சுட்டு "அப்படியே இருக்கு"ன்னா எப்படிங்க?

"அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல 24 ஃப்ரேமே ஒழுங்கா வராது, நீங்க ஞாபகம் வெச்சிருக்கிற வேகமே தப்பு"ன்னு ஒருத்தர். நியாயமான பேச்சு, ஒத்துக்கிறேன். ஆனா அது மெதுவாப் போனதுக்குக் காரணம் மெஷின். இது பறக்கிறதுக்குக் காரணம் சோம்பேறித்தனம். அதோட புதுசாப் பண்ணினதுல டேப் கீயும் போச்சு. ஃப்ளாஷ்ல டேப் தட்டினா பட்டனைச் சுத்தி மஞ்சள் கட்டம் வரும், ஒளிச்சு வெச்ச சாவியெல்லாம் மாட்டிக்கும். திருட்டுத்தனம்தான். அந்தத் திருட்டுத்தனமும் கேம்ல சேர்த்திதானே?

"விளையாடுறவன் சந்தோஷமா இருந்தாப் போதாதா"ங்கிறாங்க. போதும். அவன் பதினஞ்சாவது லெவலுக்குப் போய், சேவ் காணாம உக்காந்திருக்கிற வரைக்கும் போதும். முன்னல்லாம் சேவ் மேக்ரோமீடியா (ஃப்ளாஷோட பழைய கம்பெனி) பேர்ல இருந்த ஃபோல்டருக்குள்ள எஸ்ஓஎல் ஃபைலா டிஸ்க்ல இருந்துச்சு. ப்ரவுசர் ரஃபிள்ல அது ப்ரவுசரோட சேமிப்புக்குள்ளதான் இருக்கு. சைட் டேட்டாவைத் துடைச்சா போச்சு. தம்பி ஃபோல்டர் பேரை மாத்தினாலும் கேம் பழைய சேவைக் கண்டுபிடிக்காது, ஏன்னா முகவரியை வெச்சுதான் அது தேடுது. கேம் மேல ரைட் க்ளிக் பண்ணி சேவ் மேனேஜர்ல இறக்கி வெச்சுக்குங்க, இன்னைக்கே. இந்த ஒரு வரியைக்கூட நேத்து எழுதியிருந்தேன். அதுக்கும் ஒரு சிரிப்பு விழுந்துச்சு.

கோபம் இல்ல தம்பி. சரி, கொஞ்சம் இருக்கு. ராத்திரி முழுக்க உக்காந்து 404 எண்ணிக் குடுத்தவனை நொட்டைக்காரன்னு சொன்னா வலிக்காதா? ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல எந்த லெவல் வரைக்கும் ஆடிப் பாத்தீங்கன்னு ஒரு நம்பர் போடுங்க, அவ்வளவுதான் கேக்குறேன். ஆரம்பிக்கிறதுன்னா உங்க பட்டியல்ல 47-வது கேம்லேர்ந்து ஆரம்பிங்க. அது ஃப்ளாஷே இல்ல, ஷாக்வேவ்ங்கிற வேற பழைய தொழில்நுட்பம், டிசிஆர் ஃபைல். ரஃபிளுக்கு அது என்னன்னே தெரியாது, டைட்டில் திரைகூட வராது. இப்ப போய்ப் பாத்தேன். "ஓடுது"ன்னு பச்சை டிக்கோட அப்படியேதான் இருக்கு.