பழைய மாடலும் புது சிஸ்டமும் ஒரே நேரத்தில் வேண்டாம்

பண்டிகைத் தள்ளுபடி தொடங்கிவிட்டால் தம்பி தங்கைகளிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான். "இத்தனை நாள் ஆண்ட்ராய்டுதான் வைத்திருந்தேன். இப்போது ஐபோன் 13 விலை இறங்கியிருக்கிறது. மாறிவிடலாமா அண்ணா?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சிஸ்டம் மாறியே ஆக வேண்டும் என்றால் புது மாடலில் மாறுங்கள். பழைய மாடல்தான் பட்ஜெட்டுக்குள் வருகிறது என்றால், கைபழகிய சிஸ்டத்திலேயே ஒரு நல்ல பழைய மாடலைப் பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், போனின் ஆயுள் நாம் வாங்கும் நாளில் தொடங்குவதில்லை, அந்த மாடல் வெளிவந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டுக்கும் 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 (ஐஓஎஸ் என்பது ஐபோனின் சிஸ்டம்) கிடைக்கவில்லை. 2019-இல் வந்த ஐபோன் 11 தப்பித்துவிட்டது. ஏழு ஆண்டுகள் என்பது நல்ல காலம்தான். ஆனால் 13 வெளிவந்தது 2021-இல். இன்று வாங்குகிறவருக்கு அந்த ஏழில் மிச்சம் என்ன என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அப்டேட் நின்ற பிறகும் போன் ஓடும், பாதுகாப்புத் திருத்தங்களும் சில காலம் வரும். ஆனால் செயலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். 2025 மே மாதம் வாட்ஸ்அப், ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள போன்களைக் கைவிட்டது. ஐபோன் 6 வைத்திருந்தவர்களுக்கு அதோடு வாட்ஸ்அப் இல்லாமல் போனது.

"ஐபோன்தான் ரொம்ப வருஷம் உழைக்கும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதை விலை குறைந்த ஆண்ட்ராய்டோடு ஒப்பிடுகிறார்கள். அது நியாயமான ஒப்பீடு இல்லை. 2023-இல் வந்த கூகுள் பிக்சல் 8, 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24 இரண்டுக்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அந்த நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. அதாவது 2030, 2031 வரை. பழைய ஐபோனுக்குக் கொடுக்கிற காசில் இப்படி ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்குமா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

சிஸ்டம் மாறுவதில் இன்னொரு செலவு இருக்கிறது, அது பில்லில் வராது. காசு கொடுத்து வாங்கிய செயலிகள் கூடவே வராது. மெமரி கார்டு போட முடியாது. போட்டோ, பேக்கப் வைக்க ஆன்லைனில் கூகுள் 15 ஜிபி இடம் இலவசமாகத் தருகிறது, ஆப்பிளின் ஐகிளவுட் 5 ஜிபிதான். ஐபோன் 14 வரை லைட்னிங் கேபிள் என்பதால் வீட்டில் இருக்கும் சார்ஜர் ஒயர்கள் உதவாது.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. வாட்ஸ்அப் விஷயம்தான் அப்படியில்லை. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். யாருக்கு என்ன அளவு, எந்த டிசைன், எவ்வளவு அட்வான்ஸ் எல்லாமே வாட்ஸ்அப்பில்தான். எக்ஸ்சேஞ்சில் ஒரு பழைய ஐபோன் எடுத்தார். புது போன் வாசலுக்கு வந்த அதே நிமிடத்தில் பழைய போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். அந்த பேக்கப்பை ஐபோன் எடுத்துக்கொள்ளாது! 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி வழியாகத்தான் மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு போனும் ஒன்றாகக் கையில் இருக்க வேண்டும், ஐபோனும் இன்னும் செட்டப் முடிக்காததாகவோ ரீசெட் செய்ததாகவோ இருக்க வேண்டும். இதை அவரிடம் யாருமே சொல்லவில்லை. இரண்டு தீபாவளிக்கான அளவுகள் போயின. விற்பவர்கள் இதை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டாமா? இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. மாறுகிற யாரும் தயவுசெய்து அந்த நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் போடாதீர்கள்.

சரி, எல்லாம் தெரிந்தே மாறுகிறேன் என்பவர்களும் உண்டு. வீடியோ எடுப்பதுதான் வேலை, கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் ஐபோன், மேக் என்றால் நானே மாறச் சொல்வேன். அப்போதும் செகண்ட் ஹேண்ட் என்றால் பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நீக்காவிட்டால் அந்தப் போன் உங்களுக்குத் திறக்காது. *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்), கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். ஐபோன் 12-லிருந்து பேட்டரி, டிஸ்பிளே, கேமரா மாற்றியிருந்தால் செட்டிங்ஸிலேயே காட்டும். அமெரிக்காவிலிருந்து வந்த ஐபோன் 14-ஐ மலிவு என்று எடுத்துவிடாதீர்கள், அதில் சிம் போடும் இடமே கிடையாது, கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இசிம் மட்டும்தான். இந்திய மாடலிலும் சாதாரண சிம் ஒன்றுதான் போட முடியும், இரண்டாவது எண் இசிம்மாகத்தான் இருக்க வேண்டும்.

ஐபோன்தான் வேண்டும், ஆனால் காசு இப்போது போதவில்லை என்பவர்கள் கொஞ்சம் பொறுத்து 15-க்குப் போங்கள். 2023-இல் வந்தது, டைப்-சி இருக்கிறது. பேட்டரியும் 1000 முறை சார்ஜ் ஆன பிறகு 80% தாங்கும் வகையில் செய்யப்பட்டது, 14 வரை அது 500 முறைதான்.

வாங்குவதற்கு முன் மாடல், வெளிவந்த ஆண்டு, கேட்கிற விலை மூன்றையும் கமெண்டில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.