குடித்துவிட்டு வருபவருக்கும் காப்பகக் கதவு திறக்க வேண்டும்

வீடற்றோர் காப்பகங்கள் பலவற்றில் மாறாத விதி ஒன்று உண்டு: குடித்திருந்தால் உள்ளே இடமில்லை. இதற்கு நியாயங்கள் இல்லாமல் இல்லை. ஆனால், காப்பகம் ஒன்றில் இரவுப் பணிக்குத் தொண்டராகச் சென்று வருபவன் என்ற முறையில், யாருக்கு அந்தக் கதவு மிகவும் தேவையோ அவரைத்தான் இந்த விதி வெளியே நிறுத்துகிறது என்பது என் கருத்து.

"குடியை விட்டுவிட்டு வா, பிறகு பார்க்கலாம்" என்று சொல்வது எளிது. ஆண்டுக்கணக்கில் அன்றாடம் அதிகமாகக் குடித்து வந்த ஒருவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும், வியர்த்துக் கொட்டும், உறக்கம் போய்விடும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிந்து, இடமும் காலமும் குழம்பி, காய்ச்சலுடன் பிதற்றும் நிலை வரும். சிகிச்சை கிடைக்காவிட்டால் அதில் உயிரே போகக்கூடும். மருத்துவர் டயஸெபாம் போன்ற மாத்திரைகளை அளவோடு கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலானோர் இந்த நாள்களைக் கடந்துவிடுவார்கள். கூடவே தயமின் எனப்படும் வைட்டமின் பி1 கொடுக்க வேண்டும்; அந்தச் சத்து அறவே வற்றிப்போனால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெட்டுப்போகக்கூடும். ஆக, தெருவில் தனியாகக் கிடப்பவரிடம் குடியை நிறுத்திவிட்டு வரச் சொல்வது, மிகவும் ஆபத்தான அந்த நான்கு நாள்களைத் துணையின்றிக் கழித்துவிட்டு வா என்று சொல்வதாகும்.

தேநீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்தும் வாய்க்குக் கொண்டுபோக முடியாமல், அதை மேசையிலேயே வைத்துக் குனிந்து உறிஞ்சிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். இரவுப் பொறுப்பாளர் அம்மா அவரிடம் "குடித்திருக்கிறீர்களா?" என்று கேட்கவில்லை; "கடைசியாக எப்போது குடித்தீர்கள், ஐயா?" என்றுதான் கேட்டார். நேற்றுக் காலை என்று பதில் வந்ததும் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டார். முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால், அன்று குடிக்காதவர் என்பதால் விதிப்படி ஒரு படுக்கையைக் காட்டிப் படுக்க வைத்திருப்போம். நள்ளிரவில் வலிப்பு வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

குடியிலிருந்து மீள்வதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மன உறுதியைப் பற்றியே பேசுகிறார்கள். மாத்திரைகளை எங்கே வைப்பது என்று எவரும் கேட்பதில்லை. டைசல்ஃபிரம் என்ற மருந்தை எடுத்துக்கொண்டிருப்பவர் குடித்தால் முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடக்கும். அன்றாடம் ஒருவர் பார்த்திருக்க விழுங்கினால்தான் அதற்குப் பயன் அதிகம். குடிக்கும் வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோனையும் விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். தெருவில் உறங்குபவரின் பை இரவோடு இரவாகக் களவு போகும், மழையில் நனையும், மருத்துவமனைச் சீட்டும் அதோடு போகும். பூட்டுள்ள ஒரு சிறிய அலமாரியும், காலையில் பெயர் சொல்லி அழைத்து மாத்திரை கொடுக்க ஓர் ஆளும், கடிதம் வந்து சேர ஒரு முகவரியும் இருந்தால், அதன் பிறகு மன உறுதியைப் பற்றிப் பேசலாம். அதோடு, தெருவில் இருப்பவருக்கு மது என்பது கேளிக்கை மட்டும் அன்று; குளிரையும் பயத்தையும் மறந்து கண்ணயர அதுவே வழியாகிவிடுகிறது. பத்திரமான படுக்கை கிடைத்ததும் குடிப்பதற்கான காரணங்களில் ஒன்றாவது குறைகிறது.

இது வெறும் இரக்கப் பேச்சு அன்று. நியூயார்க்கில் 1992ஆம் ஆண்டு உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய அமைப்பு, குடியையோ போதையையோ விட்டாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் முதலில் வீட்டைக் கொடுத்தது. சியாட்டில் நகரில் 2005ஆம் ஆண்டு, கடும் குடிநோயுள்ள வீடற்றவர்களுக்காக 75 குடியிருப்புகள் கொண்ட கட்டடம் ஒன்று திறக்கப்பட்டது. அறைக்குள் குடிக்கவும் அங்கே தடை இல்லை. வரிப்பணத்தில் குடிகாரர்களுக்கு அறையா என்ற கூச்சல் எழாமல் இல்லை. 2009இல் வெளியான ஆய்வோ, அங்கே குடியேறியவர்களின் குடி மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்ததையும், அவர்களுக்காக அரசு செய்த செலவு பெருமளவு இறங்கியதையும் காட்டியது. அது காப்பகம் அன்று, நிரந்தர வீடு என்பது உண்மைதான். ஆனால் இடம் கொடுத்தால் இன்னும் அதிகமாகக் குடிப்பார்கள் என்ற அச்சத்துக்கு அதில் விடை இருக்கிறது.

நான் மதிக்கும் எதிர்வாதம் வேறு ஒன்று. குடியை விட்டுச் சில வாரங்களே ஆனவரின் பக்கத்துப் படுக்கையில், மது வாடையோடு ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தலாமா? கூடாது. அந்த வாடை ஒன்றே அவரைக் கடைக்கு நடக்கவைத்துவிடும். அவர் படும் பாட்டை நேரில் பார்த்தவர்கள் இதை லேசாகப் பேசமாட்டார்கள். அதற்குத் தீர்வு தனி அறையும், அதைக் கவனிக்கத் தனி ஆளும்தான்; வாசலை அடைப்பது அன்று. அடிதடியில் இறங்குபவரை வெளியேற்றுவதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அது அவர் நடந்துகொண்ட விதத்துக்கான நடவடிக்கையாக இருக்க வேண்டும், அவர் மூச்சில் வீசும் வாடைக்கான தண்டனையாக இருக்கக் கூடாது.

இதே விதி, மறுபடி குடித்துவிட்டவரிடமும் கடுமையாகப் பாய்கிறது. குடிநோயில் மறுபடி சறுக்குவது மருத்துவர்கள் எதிர்பார்க்கும் ஒன்று. சறுக்கிய இரவிலேயே படுக்கையும் பறிபோனால், மாத்திரையும் சந்திப்பு நாளும் முகவரியும் சேர்ந்தே போகின்றன. அவர் தொடங்கிய இடத்துக்கும் பின்னால் போய் நிற்கிறார்.

தனி அறைக்கும் இரவுச் செவிலியருக்கும் பணம் எங்கே என்று காப்பகங்கள் கேட்பது நியாயமான கேள்வி. போர்வையும் உணவும் கொடுக்க ஆள்கள் இருக்கிறார்கள். கொடுக்க நினைப்பவர்கள் அடுத்த முறை, இரவுச் செவிலியரின் சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்கலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை, அந்தச் செலவுக்குத்தான் கொடையாளர் கிடைப்பதே இல்லை.