2019 தீர்ப்போடு கதை முடியவில்லை

சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனம்) நிலமெடுப்பு நோட்டீஸ் பற்றி சூளகிரி குரூப்பில் சுற்றும் அந்த ஆடியோவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "சிப்காட் சட்டத்தையே ஐகோர்ட் ரத்து பண்ணிடுச்சு, நோட்டீஸை வாங்காதீங்க." தயவுசெய்து வாங்குங்கள். வாங்கிப் படித்து, கெடுவுக்குள் பதில் கொடுங்கள்.

ரத்து செய்தது உண்மைதான், 2019 ஜூலையில். நிலமெடுப்பு பொதுப்பட்டியலில் வருகிறது. மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம், அரசியலமைப்பின் 254(2)-ன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கினால்தான் நிற்கும். 2013 மத்திய நிலமெடுப்புச் சட்டம் வந்ததுமே, ஆடியோ 'சிப்காட் சட்டம்' என்று சொல்லும் நம் 1997 தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம் செல்லாமல் போய்விட்டது, மத்தியச் சட்டத்துக்குள் 105ஏ என்று ஒரு பிரிவைச் செருகி அதை எழுப்ப முடியாது என்றது உயர் நீதிமன்றம். உடனே அதே ஆண்டில் சட்டமன்றம் 1997 சட்டத்தை உயிர்ப்பிக்கப் புதுச் சட்டம் போட்டு, டிசம்பரில் ஒப்புதலும் வாங்கி, 2013 செப்டம்பரிலிருந்தே செல்லும் என்று முன்தேதியிட்டது. 2021 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. தீர்ப்பைச் செல்லாது என்று சட்டமன்றம் அறிவிக்க முடியாது. தீர்ப்பு காட்டிய குறையை நீக்கி மறுபடி இயற்றலாம். ஆடியோவில் 2019 இருக்கிறது, 2021 இல்லை. பேசியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் கெடு தாண்டினால் போகப்போவது அவர் நிலமில்லை.

"நீ சிப்காட் ஆளா?" கேட்டேவிட்டார்கள், வலிக்கிறது. 2013 சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது நிலம் எடுத்தால் மக்கள் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்ற ஆய்வு, 1997 சட்டத்தின் வழியில் கிடையாது. அது அநியாயம் என்று இப்போதும் சொல்கிறேன். அதனால்தான் 1997 சட்டத்தில் ஆட்சேபிக்க இடம் தரும் 3(2) பிரிவு நோட்டீஸை விடாதீர்கள் என்கிறேன். 3(1) அறிவிப்பு அரசிதழில் வந்துவிட்டால் நிலம் அரசுடையது. பிறகு பேச்செல்லாம் பெரும்பாலும் இழப்பீட்டைப் பற்றித்தான்.

"மனு போட்டால் நிறுத்திவிடுவார்களா?" நிறுத்தாமலும் போகலாம். போடாமல் கோர்ட்டுக்குப் போனால், வாய்ப்பு கொடுத்தபோது ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

நம் பக்கம் பாதிப் பட்டா இன்னும் தாத்தா பேரில். நோட்டீஸ் இறந்தவர் பேருக்கு வரும், வீட்டில் "ஆள் இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். அங்கேதான் போகிறது நிலம். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு, இறப்பு, வாரிசுச் சான்று நகல்களோடு மனு கொடுங்கள். சர்வே நம்பர், பரப்பு, மாமரம் எத்தனை, போர்வெல், வீடு எல்லாம் தனித்தனியாக எழுதுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். தபாலென்றால் ஒப்புகையோடு அனுப்புங்கள். கிளார்க் வாயால் "வாங்கிக்கிட்டோம்" என்பது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது.