நெதர்லாந்தைக் காட்டி ருமேனியாவைக் குறை சொல்லாதீர்கள்

"கேரளாவைவிடக் கொஞ்சம்தான் பெரிய நாடு, உலகத்துக்கே சோறு போடுகிறது!" நெதர்லாந்தைப் பற்றிய இந்தப் பதிவை நேற்றும் ஒரு நண்பர் பகிர்ந்திருந்தார். அதன் கீழே ஒருவர், "அவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு ருமேனியாக்காரன் என்ன செய்கிறான்?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2023-ல் நெதர்லாந்தின் வேளாண் ஏற்றுமதி 12,380 கோடி யூரோ. உண்மைதான். ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வேறு நாடுகளில் விளைந்து, அங்கே இறங்கி, மறுபடி வெளியே போகும் சரக்கு. பூக்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

சரி, தக்காளியை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தின் வெஸ்ட்லாந்து பகுதியில் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடிக் கூடாரங்கள். தக்காளிச் செடியின் வேர் மண்ணைத் தொடுவதே இல்லை. கல்லை உருக்கி நூலாக்கிய பஞ்சுக் கட்டிக்குள் இருக்கிறது. சத்து கலந்த நீர் குழாய் வழியாகச் சொட்டுகிறது. மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக் கொடி பல மீட்டர் வளர்கிறது. மகரந்தம் சேர்க்க அட்டைப்பெட்டியில் வண்டுத்தேனீக்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அருமையான தொழில்நுட்பம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடாரத்தைச் சூடாக வைத்திருப்பது பெரும்பாலும் இயற்கை எரிவாயு. 2022-ல் எரிவாயு விலை எகிறியபோது சிலர் நடவே செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

கால்நடைக்குத் தீவனமாகும் சோயா பிரேசிலிலிருந்து கப்பலில் வருகிறது. இறைச்சியும் பாலும் வெளிநாடு போகின்றன, சாணமும் அதன் நைட்ரஜன் மாசும் உள்ளூரிலேயே தங்கிவிடுகின்றன. 2019-ல், அந்த நைட்ரஜனைப் பெருக்கும் பண்ணைகளுக்கு அரசு அனுமதி தந்துவந்த முறையை நீதிமன்றம் ரத்து செய்த பிறகுதான் விவசாயிகள் டிராக்டர்களோடு அரசு இயங்கும் தி ஹேக் நகருக்குள் புகுந்தார்கள்.

ருமேனியா வேறு உலகம். 2020 கணக்குப்படி ஐரோப்பிய ஒன்றியத்தின் 91 லட்சம் பண்ணைகளில் 29 லட்சம் அங்கேதான். பெரும்பாலானவை ஐந்து ஹெக்டேருக்கும் குறைவு. வீட்டுக்கு வேண்டியதை விளைவித்து வீட்டிலேயே சாப்பிடும் குடும்பங்கள் ஏராளம். அந்தச் சாப்பாடு எந்த ஏற்றுமதிப் பட்டியலிலும் வராது. அதற்காக அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். வருமானம் போதாமல்தான் இளைஞர்கள் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக ஐரோப்பாவே கதவடைத்துக் கிடந்தபோது, ருமேனியாவின் க்ளுஜ் நகர விமான நிலையத்தில் ருமேனியத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஜெர்மனியில் அஸ்பாரகஸ் என்ற காய்கறியின் அறுவடைக்கு ஆள் இல்லையென்று தனி விமானம் வைத்து அழைத்துப் போனார்கள். அந்த விளைச்சல் ஜெர்மனியின் கணக்கில் ஏறியது.