வீடு மாறச் சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமைக் குடியிருப்பாளர் கூட்டத்தில், ரயில் சத்தத்தைப் பற்றி நான் பேசியபோது நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். "பெருவிரைவு ரயில் பக்கத்திலேயே வேண்டும் என்று வீடு வாங்கிவிட்டு, இப்போது சத்தம் போடுகிறது என்றால் எப்படி? வேறு வீடு பாருங்கள்" என்று அந்த அன்பர் கேட்டபோது எழுந்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் சுருக்கென்றது.

நான் சத்தத்தைக் குறை சொல்லவில்லை. சத்தம் மாறிவிட்டது என்றேன். சிங்கப்பூரின் ஈசூனில் மேம்பாலத் தண்டவாளத்துக்கு எதிரே, எட்டாம் மாடியில் 19 ஆண்டுகளாக இருப்பவளுக்கு வழக்கமான இரைச்சல் உறைப்பதே இல்லை. ஆனால், சில மாதங்களாக எல்லா ரயில்களும் ஒரே இடத்தில் ஊளையிடுகின்றன. ஒரே ஒரு ரயில் மட்டும் போகுமிடமெல்லாம் தடதடத்தால் அதன் சக்கரம் தட்டையாகியிருக்கலாம். எல்லா ரயிலும் ஒரே இடத்தில் கத்தினால் தண்டவாளத்தைத்தான் பார்க்க வேண்டும். அதன் மேற்பரப்பில் 50 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெளிவு விழுந்திருந்தால், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் உருளும் சக்கரம் நொடிக்கு 400 முறை அதிரும். ஊளையாக நம் காதில் விழுவது அதுதான். சாணை பிடித்தால் அடங்கும்.

என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஓடுகிற பம்ப்பின் பேரிங்கில் ஸ்குரூடிரைவர் நுனியை ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டுவிட்டு, "இது இன்னும் ஒரு வாரம்தான்" என்பார். பம்ப்பைக் கழற்றிப் பார்ப்பார்களே தவிர, அவரை வேறு பட்டறைக்குப் போகச் சொன்னதில்லை.

ஒலித்தடுப்புச் சுவர் கட்டுகிறார்களே என்பீர்கள். மகிழ்ச்சி, கட்டட்டும். சுவர் என் காதைக் காக்கும்; நெளிவு அங்கேயேதான் இருக்கும்.

அதற்கெல்லாம் கருவிகள் இருக்கின்றன, உங்கள் காது எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2024 செப்டம்பரில் கிழக்கு - மேற்குப் பாதையில், ஓடும் ரயிலின் அச்சுப்பெட்டி (சக்கர அச்சின் முனையைத் தாங்கும் பகுதி) கழன்று விழுந்ததில் 2.55 கிலோமீட்டர் தண்டவாளம் சேதமடைந்து, ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் சேவை நின்றது. அந்த அச்சுப்பெட்டி அளவுக்கு மீறிச் சூடானதைப் பாதையோரக் கருவி முன்பே பதிவு செய்திருந்தது. எந்த ரயில் என்ற அடையாளம் பதிவாகாததால் அளவீடு பிழையென்று ஒதுக்கப்பட்டது. அதற்கும் உங்கள் ஊளைக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். இல்லைதான். கருவி சொன்னாலும் பிழை, கிழவி சொன்னாலும் சிரிப்பு.

பராமரிப்புக்கு இரவில் சில மணி நேரமே கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் எந்த இடம் என்று சேர்த்தே சொன்னேன்.

இன்று காலை அதே அன்பர் மின்தூக்கியில், "வீடு பார்த்தாச்சா அக்கா?" என்றார். கதவு மூடுமுன் ஆறரை மணி ரயில் அந்த இடத்தைக் கடந்தது. அவர் முகம் சுளித்ததை நான் பார்த்தேன்.