அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன்

திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங்கில் நடந்ததை அன்று இரவே இங்கே எழுதியிருந்தேன். ஐந்து நாளாகியும் மனசு ஆறவில்லை. "இன்னுமா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய்?" என்று இன்பாக்ஸில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"இந்த வார இறுதியில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று வரிசையாகக் கேட்டார்கள். ஒருவர் பைத்தான் என்ற கணினி மொழியில் சான்றிதழ் வாங்கியிருந்தார். ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடியிருந்தார். இரண்டு பேருக்கும் கைதட்டல். "அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன்" என்றேன் நான். சிரித்தார்கள். சிரிப்பைக்கூட விட்டுவிடுவேன். "சரி, அடுத்த வாரம் ஏதாவது உருப்படியாகச் சொல்லுங்க" என்றாரே மீட்டிங்கை நடத்தியவர், அதுதான் தைத்தது.

என் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அன்று எழுதியதும் இதுதான், இன்று எழுதுவதும் இதுதான்.

"உன் வளர்ச்சிக்காகத்தானே கேட்கிறார்கள்" என்கிறார் ஒரு நண்பர். அப்படியானால் வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கற்றுத் தரட்டும், முதல் ஆளாக உட்காருகிறேன். 2023இல் இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025 ஜனவரியில் வெளியான வீடியோவில் எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார். ஏழு நாளும் போனாலும் நாளுக்குக் கிட்டத்தட்ட 13 மணி நேரம். இவர்கள் நேரத்தையாவது நேராகக் கேட்டார்கள். எங்கள் மீட்டிங்கில் வளர்ச்சி என்று பெயர் வைத்துக் கேட்கிறார்கள்.

அப்பா கோவையில் பஞ்சாலைத் தொழிலாளி. பகல், அரை நைட், முழு நைட் என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். லீவு நாளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மில்லிலிருந்து கொண்டுவந்த வேஸ்ட் பஞ்சால் ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பார். காலைப்பொழுது முழுக்க அதற்கே போய்விடும். ஒரு வார்த்தை பேச மாட்டார். செயினுக்கு எண்ணெய் விடுவது என் வேலை. வாரம் முழுக்க மிஷின் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய மனிதர், அன்று சாயங்காலம் மட்டும் எங்களிடம் மெதுவான குரலில் பேசுவார். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஒரு நாளும் சும்மா வந்ததில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வருடக்கணக்கில் கேட்ட பிறகுதான், 1890 ஜூன் 10 அன்று முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒத்துக்கொண்டார்கள். 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை என்று எழுதி வைத்தது. அந்த நாளில் என்ன கற்றாய் என்று அப்பாவை எந்த மேஸ்திரியும் கேட்டதில்லை.

"ஓய்வெல்லாம் வசதி இருப்பவர்கள் பேச்சு, ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணிடம் போய்ச் சொல்" என்று ஒரு தோழி எழுதியிருந்தார். நியாயம்தான். அந்தப் பெண் உட்கார ஒரு ஸ்டூல் போடவே 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் அவருக்கு இல்லை என்பதற்காக என்னுடையதையும் பிடுங்கிக்கொண்டால் யாருக்கு லாபம்? அவருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

"பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிடு" என்றவருக்குப் பதில் கிடையாது. அம்மாவின் மருந்துச் செலவு அவருக்குத் தெரியாது.

அம்மாவுக்கு ஆறு மாதமாக வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. வாரநாளில் நான் ஏழரைக்கே கிளம்பிவிடுவதால், இடது கையால் எப்படியோ சுருட்டி முடிந்துகொள்கிறார். ஞாயிறன்று சிக்கெடுக்கவே அரை மணி நேரம் ஆனது. அப்போதுதான் சொன்னார். பத்தாவது முடித்ததும் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாராம். தாத்தாவிடம் காட்டப் பயம். கல்யாணம் ஆகும்வரை டிரங்குப் பெட்டியின் அடியிலேயே கிடந்ததாம். எனக்கு 43 வயது. இது தெரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அன்று மீட்டிங்கில் இதைத்தான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் சிரித்துவிட்டார்கள். இப்போது நினைத்தால், சொல்லாமல் போனதே நல்லது. அம்மாவின் அந்த விண்ணப்பத்துக்கு அங்கே யாராவது கைதட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

நாளை ஞாயிறு. எண்ணெய் காய்ச்சச் செம்பருத்திப் பூ தருவதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை என் முறை வரும்போது அதே வாக்கியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.